லேசர் பொறித்த ஸ்லேட்டில் எண்ணெய்: எழுத்து ஏன் மங்குகிறது, எதைப் பூசலாம்?

கேள்வி இதுதான். புதிதாக 10 வாட் டையோடு லேசர் வாங்கிய ஒருவர் டம்ளருக்கு அடியில் வைக்கும் ஸ்லேட் கோஸ்டர்களில் பெயர், கோலம், சின்னச் சின்னப் படங்கள் பொறிக்கிறார். மெஷினை விட்டு எடுக்கும்போது எழுத்து வெளுப்பாகத் தெரிகிறது, ஆனால் கல் சாம்பல் பூத்த மாதிரி சோகையாக இருக்கிறது. வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தடவியிருக்கிறார். கல் கன்னங்கரேலென்று மாறிவிட்டது, ஆனால் சில கற்களில் எழுத்தும் சேர்ந்தே மங்கிவிட்டது. கொஞ்ச நாளில் பிசுபிசுப்பு, திட்டுத்திட்டாக நிறம். எந்த எண்ணெய் சரி, இல்லை பேசாமல் வார்னிஷ் அடித்துவிடலாமா என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில்: மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், நாலைந்து சொட்டு, தேய்த்துவிட்டு மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். கோஸ்டருக்கு அது போதும். ஆனால் எழுத்து மங்கியதற்கு எண்ணெயை மாற்றுவது மருந்தாகாது. அந்தக் கோளாறு எண்ணெய் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே, லேசர் ஓடும்போதே நடந்து முடிந்துவிட்டது. எண்ணெய் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். அதனால் முதலில் கல்லில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஸ்லேட் என்பது சேறு இறுகிக் களிப்பாறையாகி, அது பூமிக்கடியில் அழுத்தமும் வெப்பமும் பட்டு ஏடு ஏடாகப் பிளக்கிற கல்லாக மாறியது. உள்ளே பெரும்பாலும் குவார்ட்ஸ், மைக்கா, குளோரைட், கொஞ்சம் கரி. அந்தக் கரிதான் கருமையைத் தருகிறது. லேசர் படும் இடத்தில் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் நொடியில் உருகி, உடனே குளிர்ந்து கண்ணாடியாக உறைகிறது. உறையும்போது உள்ளே நுண்ணிய குமிழ்களும் வெடிப்புகளும் சிக்கிக்கொள்கின்றன. வெளிச்சம் அந்தக் குமிழ்களில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுவதால்தான் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. அங்கே வெள்ளைச் சாயம் எதுவும் கிடையாது, முழுக்க முழுக்க ஒளிச்சிதறல்.

கல்லின் சாம்பல் நிறமும் இதே கதைதான். லேசர் படாத பரப்பும் நுணுக்கமாகப் பார்த்தால் கரடுமுரடு, அந்தக் கரடுமுரட்டில் வெளிச்சம் சிதறுவதால்தான் கறுப்பான கல் சாம்பலாகத் தெரிகிறது. எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும்போது வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்: காற்றுக்கு 1, எண்ணெய்க்குச் சுமார் 1.47, குவார்ட்ஸ், மைக்காவுக்கு 1.55-ஐ ஒட்டி. காற்றிலிருந்து நேரே கல்லில் நுழையும்போது இருந்த பெரிய வித்தியாசம், இடையில் எண்ணெய் வந்ததும் குறைந்துவிடுகிறது. சிதறல் குறைகிறது, வெளிச்சம் உள்ளே போய் கரியால் விழுங்கப்படுகிறது, கல் கறுக்கிறது.

இப்போது எழுத்துக்கு வாருங்கள். குமிழ்கள் கண்ணாடிக்கு உள்ளே மூடியபடி இருந்தால் எண்ணெய் அவற்றைத் தொட முடியாது, வெளுப்பு அப்படியே நிற்கும், சுற்றிலும் கல் கறுத்ததால் முன்னைவிட எடுப்பாகவே தெரியும். ஆனால் லேசரின் பவர் போதாமல், கல் உருகாமல் மேற்பரப்பு மட்டும் லேசாகப் பிசிறிக் கீறல் விட்டிருந்தால், அந்தக் கீறல்கள் எல்லாம் வாய் திறந்தே இருக்கும். எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். வெளுப்பு போய்விடும். பூசுவதற்கு முன் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும் என்பதுதான் இதில் ஏமாற்று வேலை.

இதைக் கண்டுபிடிக்க எண்ணெயே தேவையில்லை. பொறித்த கல்லைக் குழாயடியில் காட்டி, சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது பாருங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, எண்ணெயைவிடக் கொஞ்சம் குறைவு, ஆக ஈரத்தில் எழுத்து எப்படித் தெரிகிறதோ எண்ணெயில் அதைவிட ஒரு படி மங்கலாகத்தான் தெரியும். ஈரத்திலேயே எழுத்து தடுமாறினால் அந்தக் கல்லுக்கு எண்ணெய் பூசாதீர்கள். ஈரத்திலும் பளிச்சென்று நின்றால் தாராளமாகப் பூசலாம். தண்ணீர் காய்ந்ததும் கல் பழையபடி ஆகிவிடும், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புதுக் கட்டு கல் வரும்போதும் ஒரு கல்லை எடுத்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் ஆர்டரில் கை வைப்பது நல்லது, ஏனென்றால் ஒரே கடையில் வாங்கினாலும் கல் ஒரே குவாரியிலிருந்து வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பவர் எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். 10 வாட் டையோடில் நிமிடத்துக்கு 2000 முதல் 3000 மில்லிமீட்டர் வேகம், 60 முதல் 80 சதவீதம் பவர், கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. இது தொடங்குவதற்கான இடம் மட்டும்தான். லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் சின்னச் சின்னக் கட்டங்களாக வேகத்தையும் பவரையும் மாற்றிப் பொறித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, ஒரு கல்லை அதற்குப் பலி கொடுங்கள். கட்டங்களைக் காய்ந்த நிலையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் நனைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த கல்லில் பத்துக் கட்டமும் அழகாகத் தெரியும், நனைத்ததும் அதில் பாதி காணாமல் போய்விடும், மிச்சம் நிற்பவற்றில் மிக வெளுப்பானது எதுவோ அதுதான் உங்கள் செட்டிங்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸ், அது இல்லையென்றால் ஃபோன் கேமராவின் மேக்ரோ, வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். பவர் குறைந்த கட்டத்தில் கல்லின் இயல்பான இழையே தெரியும், அதன்மேல் மாவு படிந்த மாதிரி ஒரு சாம்பல் படலம், விரலால் தேய்த்தால் கொஞ்சம் கையோடு வரும். சரியான கட்டத்தில் நுண்ணிய வெளிர் கொப்புளங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும், நகத்தால் கீறினாலும் உதிராது. பவர் கூடிப்போன கட்டத்தில் கொப்புளங்கள் எல்லாம் சேர்ந்து வழிந்து, பழுப்பும் பச்சையும் கலந்த பளபளப்பான கண்ணாடி மணிகளாகிவிடும். குமிழ் வெளியேறிவிட்டதால் அங்கே வெளுப்பும் குறைந்துவிடும். 'இன்னொரு முறை ஓட்டினால் இன்னும் வெள்ளையாகும்' என்று நினைத்து இரண்டாவது பாஸ் போடுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஒரே பாஸில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஃபோகஸைச் சரிபார்த்து முடிப்பதுதான் நல்லது. ஃபோகஸ் முக்கியம், ஏனென்றால் இயற்கையாகப் பிளந்த ஸ்லேட் மட்டமாக இருக்காது, ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் சர்வசாதாரணம். உங்களுக்கு ஒரே கல்லில் சில எழுத்து நின்று சில எழுத்து மங்கியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

புகைப்படம் பொறிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லேட்டில் லேசர் பட்ட இடம் வெளுப்பதால் படத்தை நெகட்டிவாகப் புரட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, கிரேஸ்கேல் முறையில் ஓட்டினால் மெல்லிய நிழல்களுக்கு லேசர் பவரைக் குறைத்துவிடும் என்பது. அந்தக் குறைந்த பவர் புள்ளிகள்தான் எண்ணெயில் முதலில் சாகும், முகத்தில் கன்னமும் நெற்றியோரமும் கறுத்து, மூக்கு நுனியும் பல்லும் மட்டும் மிதக்கும், பார்க்கவே பயமாக இருக்கும். ஜார்விஸ், ஸ்டக்கி போன்ற டித்தரிங் முறைகளில் ஒவ்வொரு புள்ளியும் முழு பவரில் விழும், புள்ளிகளின் நெருக்கம்தான் நிழலை உண்டாக்கும். அதனால் எண்ணெய் பூசப்போகிற கல்லுக்கு டித்தரிங்தான்.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது ஸ்லேட்தானா என்று பாருங்கள். நம் ஊரில் இதில் நிறையக் குழப்பம். மார்பிள் கடையில் 'கறுப்புக் கல்' என்று கேட்டால் கடப்பா கல்லைத்தான் எடுத்துத் தருவார்கள், அடுக்களை ஷெல்ஃபுக்குப் போடுகிற அதே கல். அது சுண்ணாம்புக்கல், ஸ்லேட் கிடையாது. ஆந்திராவிலேயே மார்க்காபூர் பக்கம் கிடைப்பது நிஜமான ஸ்லேட், பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் பேர்போன ஊர் அது. இரண்டும் பார்வைக்குக் கறுப்பு, இரண்டிலும் லேசர் வெளுப்பாக விழும், ஆனால் விழும் விதம் வேறு. சுண்ணாம்புக்கல் சூட்டில் உருகிக் கண்ணாடியாவதில்லை, நொறுங்கும், இன்னும் சூடு ஏறினால் சுட்ட சுண்ணாம்பாக மாறும். அந்த வெள்ளைப்பொடி எண்ணெயை அப்படியே குடித்துவிட்டுக் காணாமல் போகும். சோதனை எளிது: கல்லின் பின்பக்கம் ஆணியால் கீறி, அந்தப் பொடியின்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல். ஸ்லேட்டாக இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும், கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமம் கொஞ்சம் கலந்த ஸ்லேட் மட்டும் லேசாக நுரைக்கும். பொங்குகிற கல்லில் பொறித்தால் எண்ணெயை மறந்துவிடுங்கள், சும்மா விடுவதே அழகு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வேலை செய்கிறவர்கள் பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய ஸ்லேட் ஓடுகளை விரும்பி எடுக்கிறார்கள். வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பு 2021-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்டது, அங்கே பென்ரின் குவாரியின் கல் கத்தரிப்பூ நிறம் ஓடியது. காய்ந்திருக்கும்போது அது வெறும் சாம்பல்தான், எண்ணெய் பட்டதும் அந்த ஊதா மேலெழுந்து வருவதைப் பார்த்தால் எதற்காக எண்ணெய் பூசுகிறோம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. நமக்குக் கிடைக்கும் கோஸ்டர்கள் பெரும்பாலும் கறுப்பு அல்லது கரும்பச்சை சாயல், ஆனாலும் அதே கணக்குதான்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எந்த எண்ணெயும் கல்லைக் கறுக்கவைக்கும், அந்த வேலையில் நல்லெண்ணெய்க்கும் நானூறு ரூபாய் பாட்டிலுக்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் பூசிய பிறகு அது என்ன ஆகிறது என்பதில்தான். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிற எண்ணெய் ஒரு வகை, இறுகவே இறுகாதது இன்னொரு வகை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிசினாகிறது மூன்றாவது வகை. அயோடின் மதிப்பு என்று ஒரு அளவு இருக்கிறது, அது கூடினால் இறுகும் குணமும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11, நல்லெண்ணெய்க்கு நூறைத் தாண்டி, ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய் இறுகாது, ஆனால் கெட்டுப்போகும், காறல் வாடை அடிக்கும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பரிசாகப் போன கோஸ்டர் அங்கே போனதும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மாதிரி ஆகிவிட்டது என்று புகார் வந்தால் காரணம் இதுதான். நல்லெண்ணெய் நடுவில் மாட்டிக்கொள்கிற ரகம், பாதி இறுகிப் பிசுக்காகும்.

'கோயில் சிலைக்கு எண்ணெய்க் காப்பு சாத்துகிறார்களே, அது நன்றாகத்தானே கறுத்துப் பளபளக்கிறது' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, கருங்கல்லில் நடப்பதும் இதே ஒளிச்சிதறல் சமாசாரம்தான். ஆனால் அங்கே எண்ணெய் சாத்துகிற கையோடு அபிஷேகமும் நடக்கிறது, தேய்த்துக் கழுவவும் செய்கிறார்கள். கழுவாத இடத்தைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு மாடத்தைப் பாருங்கள், விரல் வைத்தால் ஒட்டும். கோஸ்டரை வாங்கிப் போகிறவர் தினம் அபிஷேகம் செய்யமாட்டார்.

அதனால்தான் லிக்விட் பாரஃபின். இது பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது, இறுகவும் இறுகாது கெடவும் கெடாது, வாசனையும் இல்லை. மருந்துக் கடையில் தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிற பாட்டிலைக் கேளுங்கள், லேபிளில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரநூலின் சுருக்கம்) என்று போட்டிருக்கும். மலச்சிக்கலுக்கு என்று பாலாக வெள்ளை நிறத்தில் வருவது கலவை மருந்து, அது வேண்டாம். பேபி ஆயிலும் பெரும்பாலும் இதே சரக்குதான், வாசனை சேர்த்தது, உணவு வைக்காத பொருளுக்கு மட்டும் சரி. சமையல் பாத்திரக் கடைகளில் வெட்டும் பலகைக்கு என்று 'ஃபுட் கிரேடு மினரல் ஆயில்' தனியாக விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் பெரும்பகுதி பாட்டிலுக்குத்தான் என்று தோன்றும். சீஸ், பிஸ்கட் வைத்துப் பரிமாறுகிற ஸ்லேட் தட்டுக்கும் உணவுத் தரத்திலான இந்த எண்ணெயே பொருத்தம்.

இதிலும் குறை உண்டு. இறுகாத எண்ணெய் என்பதால் ஒரே இடத்தில் உட்காராது, அட்டைப்பெட்டியில் வைத்தால் அட்டை குடிக்கும், வெள்ளை மேசைவிரிப்பில் வைத்தால் வட்டம் போடும். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி வரும்போது கல் மறுபடியும் சாம்பலாகும், அப்போது இன்னொரு முறை பூச வேண்டியதுதான். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கூடவே பாத்திரம் கழுவும் மெஷினில் போட வேண்டாம் என்பதையும்.

கொஞ்சம் நின்று பிடிக்க வேண்டும் என்றால் தேன்மெழுகு கலந்துகொள்ளலாம். எடைக்கணக்கில் ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு லிக்விட் பாரஃபின், ஒரு கிண்ணத்தில் போட்டு அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் ஆறியதும் களிம்பாகிவிடும். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். களிம்பு கையில் நன்றாக இருக்கும், மினுமினுப்பும் வரும், ஆனால் எழுத்துக் குழிகளில் போய் அடைத்துக்கொள்ளும், மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகுவது என்பதையும் மறக்க வேண்டாம், அதிலும் எண்ணெய் கலந்த களிம்பு அதற்கு முன்பே இளகும். கொதிக்கக் கொதிக்க ஃபில்டர் காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வைத்தால் அடியில் ஒரு வட்டம் விழும். துணியால் தேய்த்தால் போய்விடும், ஆனால் வாங்கியவர் முதலில் உங்களுக்கு ஃபோட்டோதான் அனுப்புவார். கோஸ்டருக்கு வெறும் எண்ணெய், தட்டுக்கும் கடிகாரத்துக்கும் களிம்பு என்று நான் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

ஆளிவிதை எண்ணெய், அதாவது ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட்' என்று விற்பது, உண்மையிலேயே இறுகும், சுவரில் மாட்டுகிற பெயர்ப்பலகைக்கு ஒத்துவரும். ஆனால் நாளாக ஆக மஞ்சளிக்கும், அதுவும் வெளிச்சம் குறைந்த இடத்தில் இன்னும் அதிகமாக, உங்கள் வெள்ளை எழுத்து மங்கிய தந்த நிறத்துக்குப் போய்விடும். சீக்கிரம் இறுகுவதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்படுவதால் உணவு வைக்கிற எதற்கும் கூடவே கூடாது. இதையெல்லாம்விட முக்கியம், அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எண்ணெய் இறுகும்போது சூட்டை வெளியிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். துணியை விரித்துத் திறந்த வெளியில் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். லிக்விட் பாரஃபினுக்கு இந்த வம்பு கிடையாது.

பூசும் முறையில் பாதி வேலை பூசுவதற்கு முன்னால்தான். பொறித்து முடித்ததும் கல்மேல் மெல்லிய தூசி படிந்திருக்கும், அதை வாயால் ஊதாதீர்கள். ஸ்லேட் தூசியில் சிலிக்கா உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் ஸ்லேட் பென்சில் அறுத்த தொழிலாளர்கள் சிலிகோசிஸ் நோயால் நுரையீரல் போய் மாண்டது மருத்துவ உலகமே அறிந்த விஷயம். நம் வேலையில் கிளம்பும் தூசி அதில் ஒரு துளிதான், இருந்தாலும் ஓரங்களைத் தேய்க்கும்போதும் மெஷின் தட்டைச் சுத்தம் செய்யும்போதும் என்95 மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம் கல்லைப் பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், தண்ணீர் என்று தேய்த்துக் கழுவுங்கள். முதலில் சாம்பல் கலங்கலாக ஓடும், தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடாதீர்கள், ஏனென்றால் எழுத்துக்குள் மிச்சமிருக்கும் தூசி எண்ணெயோடு சேர்ந்து சேறாகி அங்கேயே தங்கிவிடும். கழுவியதும் காயவிட வேண்டும். பார்வைக்கு அரைமணியில் காய்ந்துவிடும், ஆனால் ஏடுகளுக்கு நடுவே, முக்கியமாக உடைத்துவிட்ட ஓரங்களில், ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு நாள் முழுக்க ஃபேனடியில் செங்குத்தாக நிற்கவையுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் ஒரு நாள். உங்கள் திட்டுத்திட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், ஈரம் இருந்த இடத்தில் எண்ணெய் இறங்காது. இன்னொரு காரணம், சில கோஸ்டர்கள் தொழிற்சாலையிலேயே ஏதோ பூச்சுப் பூசி வருகின்றன. பொறிப்பதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, பரவிக் கறுத்தால் வெறும் கல். அடியில் ஒட்டுகிற ஃபெல்ட் பொட்டுகளை இந்தக் கட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள், எண்ணெய் பட்ட கல்லில் எந்தப் பசையும் நிற்காது. அடிப்பக்கத்துக்கு எண்ணெயே தேவையில்லை.

துணி, திருப்பூர் பனியன் வேஸ்ட் போதும், பஞ்சு விடாததாகப் பார்த்து எடுங்கள். எண்ணெயைக் கல்லின்மேல் ஊற்றாமல் துணியில் விட்டு, 10 செ.மீ. சதுரக் கல்லுக்கு நாலைந்து சொட்டு, நடுவிலிருந்து வட்டமாகத் தேய்த்து ஓரத்துக்கு வாருங்கள். துணி போன வழியே கல் கறுத்துக்கொண்டே வரும், அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். உடைத்த ஓரங்கள் அதிகமாகக் குடிக்கும், அங்கே இன்னொரு சொட்டு. 10, 15 நிமிடம் விட்டுவிட்டுக் காய்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியை மாற்றி மாற்றி, இனி எதுவும் ஒட்டவில்லை என்கிற வரைக்கும். கல்லில் பளபளப்பு தெரிந்தால் எண்ணெய் மேலே நிற்கிறது என்று அர்த்தம், நமக்கு வேண்டியது கறுப்பு, பளபளப்பு இல்லை. ஒரு ராத்திரி பழைய தினத்தந்தித் தாள்மேல் படுக்கவைத்து, காலையில் தாளில் கறை இருந்தால் மறுபடி துடைத்து, அப்புறம் பெட்டியில் போடுங்கள்.

பொறிப்பதற்கு முன்பே எண்ணெய் பூசிவிட்டு அதன்மேல் லேசர் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எழுத்துக்குள் எண்ணெய் இறங்காமல் வெளுப்பு அப்படியே கிடைக்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் எண்ணெய் புகைந்து கரி எழுத்தோரத்தில் படியும், லென்ஸிலும் படியும், தவிர லேசர் சரியாக உருக்காத எழுத்தை அது ஒரு வாரத்துக்குத்தான் காப்பாற்றும், சுற்றியுள்ள எண்ணெய் மெல்ல உள்ளே கசிந்துவிடும்.

வார்னிஷ் கேட்டிருந்தீர்கள். கிளியர் ஸ்பிரே, அக்ரிலிக் லேக்கர் எல்லாம் கண்காட்சியில் வைக்க அழகு, கோஸ்டருக்கு வேண்டாம். சூடான டம்ளர் பட்டதும் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும், டம்ளரைத் தூக்கினால் கோஸ்டரும் சேர்ந்து மேலே வந்து, பாதியில் விழுந்து உடையும். ஈரக்காற்றில் அடித்தால் பனி படர்ந்த மாதிரி வெளிறும், சென்னையில் ஐப்பசி மாதம் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் அதுவும் ஒரு திரவம்தான், எழுத்துக் கீறலுக்குள் இறங்கி எண்ணெய் செய்கிற அதே மங்கலைச் செய்யும், ஒரே வித்தியாசம், எண்ணெயையாவது கழுவி எடுக்கலாம்.

வெயில் மழையில் நிற்கிற வீட்டுப் பெயர்ப்பலகைக்கு எண்ணெயும் சரிப்படாது, லேக்கரும் சரிப்படாது. கல்லுக்குள் இறங்குகிற சிலேன், சிலாக்ஸேன் வகை ஸ்டோன் சீலர் டைல்ஸ் கடைகளில் கிடைக்கும். அதில் 'நேச்சுரல் லுக்' என்றால் நிறம் மாறாது, 'கலர் என்ஹான்சர்' என்றால் எண்ணெய் பூசிய மாதிரிக் கறுக்கும். என்ஹான்சர் வாங்கினால் மறுபடியும் அதே நனைத்துப் பார்க்கும் சோதனைதான். கல்லில் தங்கப் பொடி மாதிரி மின்னுகிற புள்ளிகள் இருந்தால் அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், மழையில் நின்றால் துருப்பிடித்துப் பழுப்பாக வழியும், எந்தச் சீலரையும் நம்ப வேண்டாம். அந்தக் கற்களை வீட்டுக்குள் வைக்கிற பொருளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் பூசிவிட்ட கற்கள். வெந்நீர், பாத்திரம் கழுவும் லிக்விட், பிரஷ் என்று முதலில் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள், மேலிருக்கும் பிசுக்கில் பெரும்பகுதி போய்விடும். உள்ளே இறங்கியதை எடுக்க முல்தானி மிட்டியை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போடுங்கள், எண்ணெயை உறிஞ்சுவதற்கென்றே பேர்போன களிமண் அது. அரை செ.மீ. கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டுக் காயவிட்டால் பற்று வெடித்துப் பெயர்ந்து வரும், எண்ணெயும் அதோடு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம், அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். முதலில் பின்பக்கத்தில் ஒரு ஓரமாகச் சோதித்துவிட்டு முன்பக்கம் போங்கள், மண்ணின் மஞ்சள் எழுத்துக்குள் தங்கினால் பிரஷ்ஷால் கழுவிவிடலாம். பிறகு நனைத்துப் பாருங்கள். எழுத்து நிற்கிற கற்களுக்கு லிக்விட் பாரஃபின் பூசிக் கொடுத்துவிடலாம். நிற்காதவற்றின்மேல் மறுபடி லேசர் ஓட்ட நினைக்காதீர்கள், அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் கல்லை வைக்க முடியாது, எழுத்து இரட்டையாகத் தெரியும். அந்தக் கற்களைத் திருப்பிப் போட்டு, அடியில் ஒட்டிய பொட்டைச் சுரண்டி எடுத்து, 120 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து மட்டமாக்கினால் பின்பக்கம் புதுக் கல்லாகிவிடும்.